சத்தம் கேட்டு அமுக்காதீர்கள்: பள்ளி பேஸ்பால் பையனை அளந்து பார்ப்பது எப்படி

முதல் தடவை ஸ்டாப்வாட்சோடு மைதானத்துக்குப் போனபோது சென்டர் ஃபீல்ட் வேலிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். டெக்சாஸ் வெயிலில் நிழல் அங்கேதான் இருந்தது, வேறு காரணம் இல்லை. வலக்கை பேட்டர் ஒருவன் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பக்கம் பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். பேட்டில் பந்து பட்ட சத்தம் காதில் விழுந்ததும் அமுக்கினேன், அடித்தவன் ஓடித் தொட வேண்டிய முதல் இடமான முதல் பேஸில் அவன் கால் பட்டதும் நிறுத்தினேன். 4.0 விநாடி! அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகிலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் அந்த வேகத்தில் ஓடுவார்கள். பக்கத்தில் நின்றிருந்த வயதான ஸ்கவுட் (அணிகளுக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடி மதிப்பிடுகிறவர்) ஒருவரிடம் பெருமையாக வாட்சை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தன் வாட்சைக் காட்டினார், அதில் 4.3 இருந்தது.

எனக்கும் அவருக்கும் ஒரே இடம், ஒரே ஓட்டம். வித்தியாசம் என்னவென்றால் அவர் கண்ணால் பார்த்து அமுக்கினார், நான் காதால் கேட்டு அமுக்கினேன். நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் வந்து சேரவே ஏறக்குறைய 0.3 விநாடி ஆகிவிடும். அந்த 0.3 விநாடியில் சராசரிக் காலுள்ள பையனை நான் மின்னலாக்கிவிட்டேன். இந்த வேலையில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பில் பாதி இந்த வகைதான்: எண் துல்லியமாகத்தான் இருக்கும், எடுத்த விதம் கோளாறு. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். எண்ணை எழுதும்போது அதை எங்கிருந்து, எப்படி, எந்த நிலைமையில் எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

யாருக்காக எழுதுகிறேன் என்றால், பள்ளி அணிக்கு உதவப் போகிறவர்கள், மகன் ஆடுகிறான், அவன் உண்மையில் எந்த அளவில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள நினைக்கும் அப்பா அம்மாக்கள், சும்மா ஆர்வத்தில் பார்க்கிறவர்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண் இருந்தால் நல்லது, எறிதலும் பந்தைப் பிடித்தலும் ஏற்கெனவே ஓரளவு புரியும். பேட்டிங்கில்தான் கொஞ்சம் மறக்க வேண்டியிருக்கும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அளவுகோல்

ஸ்கவுட்டுகள் 100க்கு மார்க் போடுவதில்லை. 20லிருந்து 80 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. மேஜர் லீக் சராசரி, பள்ளிச் சராசரி அல்ல, இதை முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 10ம் ஏறக்குறைய ஒரு திட்ட விலக்கம். பள்ளியில் புள்ளியியல் படித்தது நினைவிருந்தால், 60 போட்டவன் அந்த ஒரு திறமையில் நூற்றில் 84 பேரை முந்துகிறான், 70 போட்டவன் ஏறக்குறைய 98 பேரை. 80 என்பது அபூர்வம், வருஷத்துக்கு ஒரு தடவை எழுதினாலே கை கொஞ்சம் நடுங்க வேண்டும்.

பேட்டர்களுக்கு ஐந்து திறமை பார்ப்பார்கள்: பந்தைத் தவறாமல் பேட்டில் வாங்குவது, பவர், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை. இதைத்தான் 'டூல்' என்கிறார்கள், ஐந்தும் இருந்தால் 'ஃபைவ் டூல்' ஆட்டக்காரன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க் போட வேண்டும், இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு என்று. பதினாறு வயதுப் பையனின் பேட்டிங்குக்கு இன்றைய மார்க் 20 என்று எழுதினால் அது திட்டு இல்லை. நாளைக்கே அவனை மேஜர் லீகில் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கான நேர்மையான பதில், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளை அம்மாவிடம் காட்டாதீர்கள், விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

கையில் என்ன வேண்டும்

நிஜமான பொத்தான் உள்ள ஸ்டாப்வாட்ச் ஒன்று. போனில் இருக்கிறதே என்பீர்கள். போனில் எங்கே தொடுகிறோம் என்று திரையைப் பார்க்க வேண்டும், திரையைப் பார்த்தால் ஆட்டம் போய்விடும். பொத்தான் வாட்சைக் கட்டைவிரல் தானாகக் கண்டுபிடித்துவிடும். ஒரு நோட்டு, பென்சில் (பேனா வியர்வையில் கரையும்), தொப்பி, தண்ணீர். முடிந்தால் பந்தின் வேகத்தைக் காட்டும் ரேடார் கன். தொழில்முறை ஸ்கவுட்டுகள் கையில் பெரும்பாலும் ஸ்டால்கர் கன் இருக்கும், விலை எக்கச்சக்கம். நமக்கு சில நூறு டாலருக்குக் கிடைக்கும் பாக்கெட் ரேடார் போதும். அதுவும் இல்லையென்றால் பரவாயில்லை, ஸ்டாப்வாட்சும் கண்ணும் வைத்தே முக்கால்வாசி வேலையை முடிக்கலாம்.

ஆட்டம் ஏழு மணிக்கு என்றால் ஐந்தரைக்குப் போய்விடுங்கள். ஆட்டத்தில் ஒரு ஷார்ட்ஸ்டாப்புக்கு இரண்டு பந்து வந்தால் அதிகம், ரைட் ஃபீல்டருக்கு ஒன்றுமே வராமல் போகலாம். ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் ஃபங்கோ என்ற மெல்லிய பயிற்சி பேட்டால் ஆளாளுக்கு அடித்துக்கொடுப்பார், அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோரும் எறிவதையும் பிடிப்பதையும் பார்த்துவிடலாம். முக்கியமான ஆளைப் பார்க்க வந்துவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை வண்டி நிறுத்த இடம் தேடித் தொலைத்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

ஓட்டம்

இதுதான் எளிது, இதிலிருந்தே தொடங்குங்கள். பேட்டில் பந்து படுவதைக் கண்ணால் பார்த்து அமுக்குங்கள், கால் முதல் பேஸில் பட்டதும் நிறுத்துங்கள். தூரம் 90 அடி. வலக்கை பேட்டருக்கு 4.3 விநாடி என்றால் 50 மார்க். ஒவ்வொரு 0.1 விநாடிக்கும் 10 மார்க் ஏறும் இறங்கும்: 4.2க்கு 60, 4.1க்கு 70, 4.0க்கு 80, அந்தப் பக்கம் 4.4க்கு 40. இடக்கை பேட்டர் முதல் பேஸுக்கு ஓரிரு எட்டு பக்கத்தில் நிற்பதால் அவனுக்கு எல்லாவற்றிலும் 0.1 கழித்துக்கொள்ளுங்கள், 4.2தான் அவனுடைய 50. நான் பார்த்த வரையில் சாதாரணப் பள்ளிப் பையன்கள் 4.5ஐ ஒட்டித்தான் ஓடுகிறார்கள். 4.2 கண்ணில் பட்டால் அடுத்த தடவை அவன் பேட்டிங் வரும்போது தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள்.

சில ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பண்ட், அதாவது பேட்டைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினால் அவன் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருப்பான். இடக்கை பேட்டர்கள் சிலர் அடிக்கும்போதே உடம்பை முதல் பேஸ் பக்கம் சாய்த்துவிடுவார்கள், இதற்கு 'ஜெயில்பிரேக்' என்று பெயர், சிறையை உடைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. அதில் வரும் 3.9ஐ நம்பி 80 போட்டுவிடாதீர்கள். பந்தை நேராக ஃபீல்டர் கைக்கே அடித்துவிட்டுச் சலிப்போடு ஓடுகிறவனின் நேரமும் காலைப் பற்றி ஒன்றும் சொல்லாது, ஆளைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் சொல்லும். எழுதி வையுங்கள், பக்கத்தில் காரணத்தோடு.

60 கெஜ ஓட்டம் என்று இன்னொன்று, பையன்கள் ஸ்கவுட்டுகள் முன் திறமை காட்டும் ஷோகேஸ்களில் வைப்பார்கள், ஏறக்குறைய 55 மீட்டர். 6.8, 6.9 என்பது மேஜர் லீக் சராசரியை ஒட்டியது, 6.5க்குக் கீழே போனால் நிஜமான வேகம். ஒரு எச்சரிக்கை: கையால் எடுக்கும் நேரம் எப்போதும் லேசர் கதவு எடுக்கும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தடகளத்தில் குறுகிய ஓட்டங்களுக்கு இந்த வித்தியாசத்தை 0.24 விநாடி என்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் ஒரு வாரம் 6.7 ஓடி அடுத்த வாரம் 6.9 ஓடினால் அவன் சோம்பேறி ஆகிவிடவில்லை, அளந்த கருவி மாறியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்த 0.2க்காக ஒரு மாதம் பையனைத் தனிப் பயிற்சிக்கு அனுப்பியது.

கை

அவுட்ஃபீல்டர் எறிவதைப் பார்க்கும்போது வேகத்தைவிட முதலில் பந்து போகும் பாதையைப் பாருங்கள். வானத்துக்குத் தூக்கி எறிந்தால் யாருடைய பந்தும் தூரம் போகும். தாழ்வாக, கோடு போட்ட மாதிரி, தரையில் ஒரு தடவை பட்டு எகிறி வந்து, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சரின் கையில் விழுகிறதா? அந்த எகிறலில் பந்து வேகம் இழக்காமல் சறுக்கி வந்தால் நல்ல கை. ஷோகேஸில் அவுட்ஃபீல்டர் மணிக்கு 90 மைல் தொட்டால் திரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் அங்கே ஓடிவந்து, எம்பி, முழு உடம்பையும் போட்டு எறிய நேரம் கொடுப்பார்கள். ஆட்டத்தில் ஓட்டக்காரன் மூன்றாவது பேஸைத் திரும்பிக்கொண்டிருப்பான்.

கேட்சர்களுக்குத் தனிக் கணக்கு. பந்து கேட்சரின் மிட்டில் (தடித்த கிளவுஸ்) பட்டதிலிருந்து இரண்டாவது பேஸில் நிற்பவன் கிளவுசில் விழும்வரை எடுக்கும் நேரத்தை 'பாப் டைம்' என்கிறார்கள். தூரம் 127 அடிக்குச் சற்று மேல். மேஜர் லீகில் 2.0 விநாடி சராசரி, 1.9 என்றால் அருமை. பள்ளியில் 2.1 எடுப்பவனே நல்ல கேட்சர். இன்னிங்ஸ் தொடங்குமுன் ஒரு தடவை இரண்டாவது பேஸுக்கு எறிவார்கள், அதை எடுக்கலாம், ஆனால் அங்கே பேட்டர் இல்லை, எறியப்போவது முன்கூட்டியே தெரியும், கேட்சர் பந்து வருமுன்னே எழுந்து முன்னால் வந்திருப்பான். பந்து போடுகிற பிட்சர் எறியும்போதே ஓட்டக்காரன் அடுத்த பேஸுக்கு ஓடும் உண்மையான 'திருட்டு' முயற்சியில் எடுத்த ஒரு 2.1, இன்னிங்ஸுக்கு நடுவே எடுத்த பத்து 1.95க்குச் சமம்.

இதோடு பிட்சரின் நேரத்தையும் எடுங்கள்: அவன் முதல் அசைவிலிருந்து பந்து கேட்சருக்கு வரும்வரை. 1.3 விநாடிக்குள் இருந்தால் சரி. 1.3ம் 2.0ம் சேர்ந்தால் 3.3, பந்து இரண்டாவது பேஸுக்குப் போய்ச் சேர ஆகும் மொத்த நேரம். பிட்சர் 1.6 எடுத்துக்கொண்டால் கேட்சர் எவ்வளவு நன்றாக எறிந்தாலும் திருடன் போய்ச் சேர்ந்துவிடுவான், பழி மட்டும் கேட்சர் தலையில் விழும்.

பிட்சர்

ரேடார் கன்னை எல்லோரும் முதலில் கேட்பது இதற்குத்தான், எல்லோரும் ஏமாறுவதும் இதில்தான். கேட்சருக்குப் பின்னாலிருக்கும் தடுப்பு வலையான பேக்ஸ்டாப்புக்குப் பின்னால், பந்து வரும் கோட்டிலேயே நில்லுங்கள். பக்கவாட்டில் போகப் போக கன் குறைத்துக் காட்டும், இது வெறும் முக்கோணவியல். 10 டிகிரி விலகினால் 90 மைல் பந்து 88.6 என்று தெரியும், 20 டிகிரி விலகினால் 84.6. முதல் பேஸ் டக்அவுட் பக்கமிருந்து கன்னை நீட்டிவிட்டு 'பையன் சுமார்தான்' என்று எழுதியவர்கள் உண்டு. பந்து பிட்சர் கையை விடும்போது ஒரு வேகம், 60 அடி 6 அங்குலம் தாண்டி, பேட்டர் நிற்கும் பிளேட்டுக்கு வரும்போது காற்று அதில் ஏழெட்டு மைலைத் தின்றிருக்கும். எண்ணும்போது கையை விட்ட வேகத்தைத்தான் எண்ணுவார்கள்.

மேஜர் லீக் ஃபாஸ்ட்பாலின் சராசரி இப்போது 94 மைலை ஒட்டி இருக்கிறது, கிலோமீட்டரில் 150. பள்ளிப் பையன் 90 தொட்டால் கன்களெல்லாம் ஒரே நேரத்தில் மேலே எழும், பேக்ஸ்டாப் பின்னால் அது ஒரு வேடிக்கையான காட்சி. ஆனால் 'தொட்டது' வேறு, 'நின்றது' வேறு. ஒரு பந்து 91 போயிருக்கலாம். மற்றதெல்லாம் 86, 87 என்றால் அவன் 86-87 பிட்சர், 91 தொட்டான், அப்படித்தான் எழுத வேண்டும். இன்னிங்ஸ் வாரியாகக் குறியுங்கள். முதல் இன்னிங்ஸில் 89, ஐந்தாவதில் 83 என்றால் அந்த ஆறு மைல் எங்கே போனது என்பதுதான் உங்கள் அறிக்கையின் முதல் வரி.

வேகம் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. 2008ல் இந்தியாவில் போட்டி வைத்து வேகமாகவும் குறிதவறாமலும் எறிகிறவர்களைத் தேடினார்கள். அதில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிகிறவர்கள், அதுவரை பேஸ்பாலே ஆடாதவர்கள். அந்த வருஷமே மேஜர் லீக் அணியான பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ரிங்கு சிங் அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீகில் சில வருஷம் ஆடினார், ஒன்றுமில்லாததிலிருந்து அந்த இடத்துக்கு வந்ததே பெரிய விஷயம். இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. மற்றவர்கள் ஆறு வயதில் கற்கத் தொடங்குவதை அவர்கள் இருபதில் தொடங்கினார்கள், கன்னில் அது தெரியாது.

அதனால் கன்னைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டியவை: கேட்சர் மிட்டை எங்கே காட்டுகிறான், பந்து எங்கே வருகிறது. மிட் எவ்வளவு நகர்கிறது என்று எண்ணினாலே போதும். நூறு பந்தில் அறுபதுக்கு மேல் ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும், அல்லது அவன் சுழற்றித் தவறவிடும் பந்து) போட்டால் பள்ளி அளவில் நல்ல கட்டுப்பாடு. வளைந்து விழும் கர்வ்பால் போடும்போது கையின் வேகம் குறைகிறதா? குறைந்தால் பள்ளியில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், மேலே போனால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபாஸ்ட்பால் மாதிரியே எறியப்பட்டு மெதுவாக வரும் சேஞ்சப் இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் 88 போடுகிறவனுக்குப் பள்ளியில் அது தேவைப்படுவதே இல்லை. புல்பென்னில் தயாராகும்போது போட்டுப் பார்க்கிறானா என்று போய்ப் பாருங்கள்.

பந்தை எண்ணுங்கள். இது மார்க்குக்காக இல்லை, பையனுக்காக. மேஜர் லீகும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதலில் 15, 16 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து, 17, 18 வயதுக்கு 105. அதற்குள்ளும் எத்தனை போட்டால் எத்தனை நாள் ஓய்வு என்று தனிக் கணக்கு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு 90 பந்து போட்ட பையன் சனிக்கிழமை வேறொரு கிளப் சட்டையைப் போட்டுக்கொண்டு மவுண்டில் (பிட்சர் நிற்கும் மேடு) நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பயிற்சியாளருக்கும் மற்றவர் கணக்கு தெரியாது. உங்கள் நோட்டில் இரண்டும் இருந்தால் அதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள், சொல்ல வேண்டியது நம் வேலையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பேட்டிங்: இங்கேதான் எல்லோரும் தோற்கிறார்கள்

ஓட்டத்துக்கு வாட்ச், கைக்கு கன். பந்தைப் பேட்டில் வாங்கும் திறமைக்கு ஒரு கருவியும் இல்லை, ஆனால் ஐந்தில் அதுதான் முக்கியம், அது இல்லாவிட்டால் மற்ற நாலும் பெஞ்சில்தான் உட்காரும். மேஜர் லீக் ஸ்கவுட்டுகளே இதில் அடிக்கடி தப்பு செய்கிறார்கள். மைக் பியாட்சாவை 1988 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்வு) 62வது சுற்றில் எடுத்தார்கள், பிறகு பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். 2009ல், பின்னாளில் உச்ச நட்சத்திரமான மைக் டிரவுட்டை 24 பேருக்குப் பிறகு, 25வதாகத்தான் எடுத்தார்கள். அவர் ஆடியது நியூ ஜெர்சியில், குளிர் மாநிலம், அங்கே பள்ளி சீசன் குறுகியது, நல்ல பிட்சர்களும் குறைவு. இவன் அடிப்பது இவன் திறமையா, எதிராளியின் பலவீனமா என்று பலரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நமக்கும் அதே சிக்கல்தான். பள்ளியில் .500 சராசரி, அதாவது இரண்டில் ஒரு தடவை அடித்துப் பேஸில் சேரும் கணக்கு வைத்திருக்கிற பையன் என்றால் எதிரே நின்றவன் 76 மைல் போட்டிருப்பான். எனவே ஸ்கோர் பலகையை மறந்துவிட்டு ஆட்ட அட்டவணையை எடுங்கள். மாவட்டத்தில் யார் 88 போடுகிறான் என்று விசாரித்து, அவன் மவுண்டில் நிற்கும் நாளில் போங்கள். அந்த ஒரு நாளில் நம் பையன் மூன்று தடவை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆனாலும், எப்படி ஆனான் என்பதில் பாடம் இருக்கிறது. ஃபாஸ்ட்பாலுக்குத் தாமதமாகிக் கொண்டே இருந்தானா? மூன்றாவது தடவை கொஞ்சம் சீக்கிரம் தொடங்கிப் பந்தைப் பின்பக்கம் உரசி கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுலாவது அடித்தானா? அந்த ஃபவுலை நட்சத்திரம் போட்டுக் குறியுங்கள்.

நான் வைத்திருக்கும் முறை மிகச் சாதாரணம். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு. ஸ்ட்ரைக் பந்துக்குச் சுழற்றினால் நேர்கோடு, வெளியே போகும் பந்துக்குச் சுழற்றினால் சாய்கோடு, சுழற்றித் தவறவிட்டால் கோட்டின் மேல் ஒரு வட்டம். ஐந்து ஆட்டத்துக்குப் பிறகு பக்கத்தைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடுவான். சாய்கோடுகள் நிறைய இருந்தால் பிட்சர் அவனை ஏமாற்றுகிறான். நேர்கோட்டின் மேல் வட்டங்கள் நிறைய இருந்தால் அதுதான் கவலை, ஸ்ட்ரைக்காக வரும் பந்தையே விடுகிறான். முதல் வகையைப் பொறுமையால் ஓரளவு சரிசெய்யலாம், இரண்டாவது வகையைச் சரிசெய்து பார்த்தவர்கள் குறைவு.

கிரிக்கெட் கண்ணை இங்கே கொஞ்சம் மாற்ற வேண்டும். நமக்கு நேர் பேட், தலை பந்துக்கு மேல், கால் நகர்வு எல்லாம் அழகு. இங்கே பேட் உருண்டை, பந்து தரையில் படாமல் வரும், காலை நகர்த்த நேரமே இல்லை. பேட்டர் பாதி விநாடிக்குள் முடிவெடுக்கிறான். அதனால் இடுப்பு முதலில் திரும்புகிறதா, கைகள் பின்னால் காத்திருக்கின்றனவா, கடைசியில் பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரைப் பார்த்து ஏமாந்த பிறகும் கைகள் பின்தங்கி நின்று பந்தைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். ஏமாந்த பின் என்ன செய்கிறான் என்பதுதான் நான் அதிகம் நம்பும் தடயம்.

பவர் அளப்பது இப்போது எளிதாகிவிட்டது, பந்து பேட்டை விட்டுப் புறப்படும் வேகத்தை ரேடார் சொல்லிவிடும். மேஜர் லீகில் 95 மைலும் அதற்கு மேலும் போனால் 'பலமான அடி' என்று கணக்கு. பள்ளிப் பையனிடம் இந்த எண்ணைக் கேட்டால் முதல் கேள்வி: எந்த பேட்? பள்ளிகளில் 2012லிருந்து உலோக பேட் என்றால் அதற்கு பிபிகோர் தரச்சான்று (பேட்டின் எகிறலுக்கு வரம்பு வைக்கும் தரம்) இருக்க வேண்டும், பழைய அலுமினிய பேட்டின் எகிறல் இதில் இல்லை, என்றாலும் மர பேட்டைவிட அடிக்குமிடம் அகலமானது, நுனியிலோ கைப்பிடிக்கு அருகிலோ பட்டாலும் மன்னித்துவிடும். மரம் மன்னிக்காது. இரண்டாவது கேள்வி: டீ (பந்தை அசையாமல் நிறுத்தி வைக்கும் கம்பு) மேல் வைத்து அடித்ததா, வந்த பந்தை அடித்ததா? டீ மேல் வைத்துச் சட்டை கிழிய அடித்த 98ஐவிட, ஆட்டத்தில் 85 மைல் பந்தை எதிர்த் திசையில் 92ல் அனுப்பியதை நான் மேலே வைப்பேன்.

பேட்டிங் பயிற்சியில் வேலிக்கு வெளியே பத்து பந்து போனதைப் பார்த்து மயங்காதீர்கள். போடுகிறவர் பையனுடைய பயிற்சியாளர், பந்து 55 மைல், பையனுக்குப் பிடித்த இடத்திலேயே வரும். சத்தத்தைக் கேளுங்கள், இதற்கு மட்டும் காது உதவும். ஒரே கூண்டில் பத்துப் பேர் அடிக்கும்போது ஒருவனின் அடி மட்டும் வேறு மாதிரிக் கேட்கும். இதை விளக்கச் சொன்னால் என்னால் முடியாது, நாலு வாரம் நின்று கேட்டால் புரிந்துவிடும்.

ஃபீல்டிங்

சுருக்கமாக: ஷார்ட்ஸ்டாப்பின் கால்களைப் பாருங்கள், கிளவுசை அல்ல. பந்து அடிபடுமுன் சின்னதாக ஒரு குதி குதித்துத் தயாராகிறானா, முதல் எட்டு சரியான திசையில் போகிறதா, பந்தைப் பிடித்துக் கைக்கு மாற்றுவது எவ்வளவு சீக்கிரம். மெதுவாக உருண்டு வரும் பந்தை ஓடிவந்து ஒரே கையால் எடுத்து எறியச் சொன்னால் பலர் மாட்டிக்கொள்வார்கள். பள்ளியில் ஷார்ட்ஸ்டாப்பாக இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த அணியின் சிறந்த விளையாட்டு வீரர்கள் மட்டுமே, மேலே போனால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள், அதனால் எங்கே போவான் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

உடம்பு, வயது, 'மேக்கப்'

உடம்பு இன்னும் வளருமா என்பதைக் கணிக்க மணிக்கட்டு, தோள் அகலம், பாதம் எல்லாம் பார்ப்பார்கள், கேலரியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் உயரத்தையும் திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள். ஆனால் குள்ளம் என்று ஒதுக்கினால் ஹோசே அல்டுவே மாதிரி ஆள் தப்பிவிடுவார். வெனிசுவேலாவில் நடந்த தேர்வில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி முதல் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, 5 அடி 6 அங்குலம்தான். மறுநாள் திரும்பி வந்தார், கடைசியில் அதே அணிக்கு மூன்று பேட்டிங் பட்டம் வாங்கித் தந்தார்.

பிறந்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேருக்கு நடுவே ஒரு வருஷம் இருக்கலாம், இந்த வயதில் ஒரு வருஷம் என்பது ஐந்து மைல் வேகம், பத்துக் கிலோ தசை. டல்லாஸ் பக்கம் காலிவில் ஹெரிட்டேஜ் பள்ளியிலிருந்து 2019ல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்ட பாபி விட் ஜூனியர் டிராஃப்ட் முடிந்த சில நாளிலேயே 19 வயதைத் தொட்டார். வயது அவருடைய வேகத்தைக் குறைக்கவில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒப்பிடும்போது யாரோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிந்து ஒப்பிட வேண்டும்.

காயம் இன்னொரு புதிர், அதை வெளியிலிருந்து அளக்கவே முடியாது. தாய் வழியில் இந்திய வம்சாவளியான பிட்சர் குமார் ராக்கரை 2021ல் நியூயார்க் மெட்ஸ் 10வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே செய்யவில்லை. அடுத்த வருஷம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அதே ஆளை 3வதாக எடுத்தது. ஒரே கை, இரண்டு அணி, இரண்டு முடிவு.

அப்புறம் 'மேக்கப்'. பவுடர், லிப்ஸ்டிக் இல்லை, குணத்துக்கு ஸ்கவுட்டுகள் வைத்திருக்கும் பெயர். இதற்கு மார்க் போடாதீர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஸ்ட்ரைக்அவுட் ஆனபின் ஹெல்மெட்டை எறிந்தான். சக ஆட்டக்காரன் பந்தைத் தவறவிட்டபோது கையை விரித்துக் காட்டினான். மழையில் மைதானத்துக்குத் தார்ப்பாய் போட முதலில் ஓடினான். 'தலைமைப் பண்பு உள்ளவன்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

அறிக்கை எழுதுவது

அன்றைக்கு இரவே எழுதிவிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு, என் நோட்டில் எழுதுகிற பாணியில்:

'வலக்கை பிட்சர், 16 வயது 9 மாதம், 6 அடி 1. பிப்ரவரி, 8 டிகிரி குளிர், எதிர்க்காற்று. பேக்ஸ்டாப் பின்னாலிருந்து பாக்கெட் ரேடார். 4 இன்னிங்ஸ், 71 பந்து, 44 ஸ்ட்ரைக். ஃபாஸ்ட்பால் 83-85, 87 தொட்டது, நாலாவதில் 81. கர்வ்பால் 70, கை வேகம் குறைகிறது. சேஞ்சப் ஆட்டத்தில் இல்லை, புல்பென்னில் மூன்று பார்த்தேன், ஒன்று நன்றாக விழுந்தது. பேஸில் ஆள் இருக்கும்போது பிளேட்டுக்கு 1.5. தோள் அகலம், இன்னும் எடை ஏறும். மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு தப்பு நடந்தும் முகம் மாறவில்லை.'

இவ்வளவுதான். 'சூப்பர்', 'பயங்கரம்' எதுவும் இல்லை. 87 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 8 டிகிரி என்று இருப்பதால்தான் அந்த 87க்கு ஓர் அர்த்தம் வருகிறது.

சின்னப் பையன்கள் என்பதை மறக்க வேண்டாம். வீடியோ எடுக்குமுன் பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள், பொதுவெளியில் போடாதீர்கள், ஆட்டம் நடக்கும்போது பையனிடம் நேராகப் போய் மார்க் சொல்லாதீர்கள். ஷோகேஸுக்குப் பல நூறு டாலர் கட்டச் சொல்லி யாராவது பெற்றோரை நெருக்கினால், பையனின் எண்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். 84 மைலில் ஷோகேஸ் போனால் 84 என்று உலகத்துக்கே தெரியும்படி பதிவாகும், ஆறு மாதம் பொறுத்தால் 88 பதிவாகலாம்.

அறிக்கையின் கடைசி வரியில் அடுத்து எப்போது பார்க்கப்போகிறீர்கள் என்று தேதி போடுங்கள். மேலே சொன்ன பையனுக்கு நான் போட்டது மே மாதம் இரண்டாவது வாரம், ஆட்டத்தில் சேஞ்சப் போடுகிறானா என்று மட்டும் பார்க்க. போட்டான், ஏழு தடவை. வேகம் 88 தொட்டது, ஆனால் அன்றைக்கு வெயில் 33 டிகிரி, அதையும் எழுதிக்கொண்டேன்.